உத்தரவாதம் அரசுடையது, கடன் உங்களுடையது

2019இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 1.09 கோடி பேர். 2020இல் கொரோனாவால் அது 27 லட்சமாகச் சரிந்தது. அடுத்த ஆண்டு இன்னும் கீழே, 15 லட்சம். அன்றன்றைய கூலியை நம்பி வாழும் சுற்றுலா வழிகாட்டிக்கு இது என்ன செய்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2021 ஜூன் 28 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ஒரு கடன் உத்தரவாதத் திட்டத்தை அறிவித்தார். டிராவல் ஏஜென்சி போன்ற சுற்றுலா நிறுவனங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை, உரிமம் பெற்ற வழிகாட்டிகளுக்கு 1 லட்சம் வரை. கூடுதல் அடமானம் கிடையாது, பரிசீலனைக் கட்டணம் கிடையாது, முன்கூட்டியே அடைத்தாலும் அபராதம் இல்லை.

மானியம் என்று நினைத்துவிடக் கூடாது. 100 சதவீத உத்தரவாதம் என்பது வங்கிக்குக் கொடுத்த வாக்கு. நீங்கள் கட்டாமல் போனால் வங்கிக்கு நஷ்டம் வராது, அவ்வளவுதான். உங்கள் கடன் உங்கள் தலையில்தான் இருக்கும்.

சரி, ஹோட்டல்காரர்கள்? அவர்களுக்கு, ஏற்கெனவே இருந்த அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டத்தை 2021 மார்ச்சில் விரிவாக்கினார்கள். 2020 பிப்ரவரி 29 அன்று இருந்த கடன் பாக்கியில் 40 சதவீதம் வரை புதிதாக வாங்க முடிந்தது. 6 ஆண்டுத் தவணை, அதில் முதல் 2 ஆண்டுக்கு அசல் கட்ட வேண்டாம். ஏற்கெனவே கடன் வைத்திருந்தவருக்குத்தான் இதில் இடம் இருந்தது. கடனே வாங்காமல் சிக்கனமாக நடத்தியவருக்கு இதில் வழி இல்லாமல் போனது எனக்கு வினோதமாகவே படுகிறது.

வழிகாட்டிகளுக்கான திட்டத்திலோ வாசல் வேறு: அங்கீகாரம். மத்திய சுற்றுலா அமைச்சகம் அங்கீகரித்த 10,700 வட்டார வழிகாட்டிகளும் மாநில அரசுகள் அங்கீகரித்தவர்களும் உள்ளே. மாமல்லபுரத்தில் அங்கீகார அட்டை வைத்திருந்தவர் விண்ணப்பிக்க முடிந்தது. அவர் பக்கத்திலேயே நின்று அதே கதையை அதைவிட நன்றாகச் சொல்பவர், அட்டை இல்லாவிட்டால், வெளியே. கொடைக்கானல் குதிரைக்காரருக்கும் இதில் பங்கில்லாமல் போனது. சங்கு, சோழி விற்பவர்கள் மட்டும் தெருவோர வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி என்ற மத்திய அரசுக் கடன் திட்டத்தில் அப்போது முதல் கடனாக 10,000 ரூபாய்க்கு முயல முடிந்தது, அதற்கும் விற்பனைச் சான்றோ உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதமோ இருந்தால்.

வழிகாட்டிகளுக்கான திட்டம், ஹோட்டல்காரர்களுக்கான திட்டம் இரண்டின் காலமும் முடிந்துவிட்டது. ஆனால் அடுத்த புயலோ நிலச்சரிவோ வந்தாலும் உதவி இதே மாதிரி பட்டியலைப் பார்த்துத்தான் வரும் என்று நினைக்கிறேன். அதனால் அட்டை இருப்பவர்கள் அது காலாவதியாகும் தேதியை இன்றைக்கே பார்த்து வையுங்கள். லாட்ஜ், ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் மத்திய அமைச்சகத்தின் ‘நிதி’ தளத்தில் பதிவு செய்யலாம். பெயரைக் கேட்டுப் பணம் தருவார்கள் என்று எண்ண வேண்டாம். அது தங்குமிடங்களின் தரவுத்தளம்.