அந்த ஒன்பது கிலோவில் கொழுப்பு எத்தனை கிலோ?

"மேடம், தலை சீவினால் கொத்துக் கொத்தா வருது. ஷாம்பு மாத்தியும் நிக்கல."

உணவியல் ஆலோசகரிடம் யாரும் முடிக்காக வருவதில்லை. இவரைத் தோல் மருத்துவர் அனுப்பியிருந்தார். 34 வயது, இரண்டு பிள்ளைகள் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). பேச்சுக் கொடுத்தபோது விஷயம் வெளியே வந்தது. தங்கை கல்யாணத்துக்காக 40 நாளில் 9 கிலோ குறைத்திருக்கிறார். காலையும் இரவும் பவுடர் கரைத்த ஷேக், மதியம் வெள்ளரிக்காயும் ஒரு கிண்ணம் கூட்டும். பவுடரை விற்றது எதிர்வீட்டு அக்கா. 76 கிலோ 67 ஆனது. கல்யாண போட்டோவைக் காட்டினார், அழகாகத்தான் இருந்தார். நான்கு மாதம் கழித்து என் எடை மெஷினில் ஏறியபோது 74. கிலோவெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது, போன முடியைத்தான் காணோம்.

பட்டினி கிடக்கும் உடம்பு முதலில் நிறுத்துவது அவசரமில்லாத வேலைகளை. முடி வளர்ப்பது அதில் ஒன்று. வழக்கத்தைவிட அதிகமான முடிக்கால்கள் வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுக்குப் போய்விடும். அப்படிப் போன முடி உதிர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் கல்யாணம் முடிந்து ஆல்பமும் வந்துவிடும். அதனால்தான் இதை யாரும் டயட்டோடு முடிச்சுப் போடுவதில்லை. பழியெல்லாம் ஷாம்பு மேலும் போர்த் தண்ணீர் மேலும்தான்.

ஒரு தாளை எடுத்து அவர் முன்னாலேயே கணக்குப் போட்டேன். உடம்பில் உள்ள ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். 9 கிலோவுக்கு 69,300. அதை 40 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 1,730 கலோரிக்கு மேல் பற்றாக்குறை வேண்டும். அவருடைய ஒரு நாள் மொத்தச் செலவே சுமார் 1,800தான். அதாவது 40 நாளும் கிட்டத்தட்டப் பச்சைத் தண்ணீரில் இருந்திருந்தால்தான் ஒன்பதும் கொழுப்பாகப் போயிருக்கும். அவர் சாப்பிட்டது 700 கலோரி அளவுக்கு. தாராளமாகப் போட்டாலும் ஐந்தரை கிலோவுக்குச் சற்று மேல் தேறாது.

மிச்சம்? தண்ணீரும் தசையும். கல்லீரலும் தசையும் மாவுச்சத்தைச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீரையும் சேர்த்தே வைக்கின்றன. சோற்றை நிறுத்திய முதல் வாரத்தில் 'சர்'ரென்று இறங்குவது பெரும்பாலும் இந்த நீர்தான். விளம்பரத்தில் "ஏழே நாளில்" என்று போடுவது இதை நம்பித்தான். கல்யாண விருந்தில் இலை போட்டு உட்கார்ந்தவுடன் அது திரும்ப வந்துவிடும். தசை அப்படி வராது. அது குறைந்தால் உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கும் கலோரியும் குறையும். பழையபடி சாப்பிட்டாலே பழைய எடையைத் தாண்டுவதற்கு இது ஒரு காரணம்.

அவருக்கு இன்னொரு தொந்தரவும் இருந்தது. சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே வலி. 'கேஸ்' என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் அனுப்பி ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் கல். கொழுப்பு வேகமாகக் கரையும்போது கல்லீரல் பித்தநீரில் கூடுதலாகக் கொலஸ்ட்ராலைத் தள்ளுகிறது. சாப்பாட்டில் எண்ணெய்ப்பசையே இல்லாவிட்டால் பித்தப்பை சுருங்கி அதை வெளியேற்றுவதில்லை. தேங்கியது படிந்து கல்லாகிறது. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் இறங்கினால் இந்த ஆபத்து கூடும். அவர் இறக்கியது வாரத்துக்கு 1.6 கிலோ.

சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் இப்படி இறங்கினால் முடி உதிர்வும் பித்தப்பைக் கல்லும் சின்ன விஷயமாகிவிடும். கிளிமிபிரைடு, இன்சுலின் எடுத்துக்கொண்டே பட்டினி கிடந்தால் லோ சுகர் வரும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையோடு சோற்றை அடியோடு நிறுத்தினால், ரத்தச் சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறலாம். அது ஐசியூ வரை போகும். டாக்டரிடம் கேட்காமல் விரதமும் வேண்டாம், மாவுச்சத்தை ஒதுக்கும் கீட்டோ டயட்டும் வேண்டாம்.

'மூலிகைதானே' என்று பெயர் தெரியாத பொடியை நம்பி வாங்குபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து, மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கப்பட்டது. அதன் பிறகும் பல நாடுகளில் 'இயற்கை' எடைக்குறைப்புப் பொடிகளைச் சோதித்தபோது அதே மருந்து அகப்பட்டிருக்கிறது.

சரி, எவ்வளவு குறைத்தால் போதும்? நான் முதலில் கேட்பது இருக்கும் எடையில் 5 சதவீதம், ஆறு மாதத்தில். 74 கிலோவுக்கு நாலு கிலோகூட இல்லை. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அந்த அளவுக்கே இறங்க ஆரம்பிக்கும். எடை குறையாமலே பலன் கிடைப்பதும் உண்டு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006-இல் வெளியானது. சாப்பாட்டையும் நடையையும் சீர்செய்த பிரிவில், மூன்று ஆண்டுகளில் சர்க்கரை நோய் வந்தவர்கள் ஒப்பீட்டுப் பிரிவைவிட 28.5 சதவீதம் குறைவு. அவர்கள் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை!

அவர் வீட்டில் நான் முதலில் கை வைத்தது எண்ணெயில். நாலு பேருக்கு மாதம் 5 லிட்டர். ஆளுக்கு நாளுக்கு 38 கிராம், 340 கலோரி. அதை 3 லிட்டராக்கினோம். தலைக்கு நாளுக்கு 135 கலோரி மிச்சம். ஆறு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் மூன்று கிலோ. உடம்பு அவ்வளவு நேர்மையான கணக்குப்பிள்ளை இல்லை என்பது வேறு விஷயம்.

அடுத்தது புரதம். எடை குறையும்போது தசையைக் காப்பாற்ற, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது வேண்டும் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டர் சொல்வதுதான் அளவு). இரண்டு இட்லியில் நாலைந்து கிராம் கிடைத்தால் அதிகம். நம் சாம்பாரிலோ பருப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் காலையில் இரண்டு முட்டை, சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல், கெட்டியான பருப்பு. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பதை நம்பி, வழக்கமான டிபனை முடித்துவிட்டு அதற்கு மேல் கொள்ளுக் கஞ்சியும் குடிப்பவர்களைப் பார்க்கிறேன். அது டிபனுக்குப் பதிலாக வந்தால்தான் வேலை செய்யும். சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை, சோறும் பொரியலும் தட்டில் இடம் மாறிக்கொண்டன, அவ்வளவுதான். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேர நடை. அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கி இறக்குவது. தசைக்கு வேலை கொடுக்காமல் புரதம் மட்டும் கொடுத்துப் பயனில்லை.

எந்த டயட்டை எடுத்துக்கொண்டு வந்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அடுத்த தீபாவளிக்கும் இதையேதான் சாப்பிடுவீர்களா? பவுடரைப் பற்றிக் கேட்டபோது அவர் பதில் சொல்லாமல் சிரித்தார்.

ஏழு மாதம் ஆகிறது. இப்போது 70 கிலோ. முடி குட்டை குட்டையாக முளைத்து நெற்றியோரம் நிற்கிறது. போன வாரம் தங்கையின் வளைகாப்புக்கு அழைக்க வந்தார். "கல்யாணத்துக்குத் தைச்ச ப்ளவுஸ் இறுக்குது மேடம், இன்னும் இருபது நாள் இருக்கு, ஒரு ரெண்டு கிலோ..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உள்பக்கம் ரெண்டு இஞ்ச் துணி விட்டுத்தான் தைத்திருக்கிறார்களாம். பிரித்துக்கொள்ளப் போகிறார்.