சத்தம் வரவில்லையா? ஃபார்மட் அடிக்காதீர்கள்

போன வாரம் ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு தெருக்கூத்து வாத்தியார் பஸ் பிடித்து காட்பாடியில் இருக்கும் என் கடைக்கு வந்தார். மடியில் சிபியு. (சிபியு என்பது உள்ளே இருக்கும் சில்லுதான், பெட்டி இல்லை. சொல்லிச் சொல்லி ஓய்ந்து நானே இப்போது அப்படித்தான் சொல்கிறேன்.) "ரெண்டு தடவ விண்டோஸ் போட்டாச்சு தம்பி, இன்னும் சவுண்டு வரல."

என் மானிட்டரில் விஜிஏ ஒயர் (படம் மட்டும் போகும் பழைய ஒயர்) போட்டு, ஸ்பீக்கரைத் தனியாக மாட்டி ஓட்டினால் கணீரென்று பாடுகிறது. "வீட்டுல எந்த ஒயருங்க ஐயா?" என்றேன். "இது இல்ல, தட்டையா ஒண்ணு." போச்சா! யாரோ சொருகிய பழைய கிராஃபிக்ஸ் கார்டில் ஹெச்டிஎம்ஐ இருக்கிறது. அந்த ஒயரில் படத்தோடு ஒலியும் போகும். விண்டோஸ் அதையே டீஃபால்ட்டாக எடுத்துக்கொண்டு, ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குப் பாட்டை அனுப்பிக்கொண்டிருந்தது. திரையின் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் செய்து சரியான சாதனத்தை டீஃபால்ட் ஆக்க அரை நிமிடம் போதும். இரண்டு தடவை ஃபார்மட் அடித்ததில், டெஸ்க்டாப்பில் இருந்த பதினொரு வருடக் கூத்துப் பதிவுகள்தான் போய்விட்டன.

ஃபார்மட் (டிஸ்கை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது) சர்வரோக நிவாரணி என்று உங்களுக்கு யார் சொன்னது? ஜாக் (ஸ்பீக்கர் ஒயரைச் சொருகும் ஓட்டை) உடைந்திருந்தால் ஃபார்மட்டுக்குப் பிறகும் உடைந்துதான் இருக்கும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டிலேயே இருக்கும் செட்டிங்) ஆடியோ டிஸேபிள் ஆகியிருந்தால் எத்தனை முறை விண்டோஸ் போட்டாலும் அப்படியேதான் இருக்கும். டிரைவர் (சாதனத்தை விண்டோஸோடு பேச வைக்கும் சாஃப்ட்வேர்) சிக்கல் என்றால் இன்னும் மோசம். இருந்த டிரைவரும் போய், நெட்டுக்கான டிரைவரும் போய், இறக்குவதற்கே வழியில்லாமல் உட்கார்ந்திருக்க நேரலாம்.

முதலில் ஸ்பீக்கரை செல்போனில் மாட்டிப் பாருங்கள். அப்புறம் பெட்டியின் பின்பக்கம், பச்சை ஓட்டை. முன்பக்க ஜாக்கை நம்பாதீர்கள். பழைய கேபினட்டின் ஏசி'97 (பழைய ஆடியோ முறை) ஒயரை ஹெச்டி ஆடியோ (அதற்குப் பின் வந்த முறை) போர்டில் சொருகியிருந்தால் அது தகராறு செய்யும்.

அதன் பிறகு டிவைஸ் மேனேஜர், அதாவது சாதனங்களை எல்லாம் விண்டோஸ் பட்டியல் போட்டுக் காட்டும் இடம். மஞ்சள் குறியோடு கோட் 28 என்றால் டிரைவரே இல்லை. கோட் 10 என்றால் சாதனம் கிளம்பவில்லை, பெரும்பாலும் பொருந்தாத டிரைவர். அங்கேயே சாதனத்தின் ஹார்டுவேர் ஐடியைப் பார்த்தால் சில்லு எந்தக் கம்பெனி என்று தெரியும்: விஇஎன் 10இசி என்று இருந்தால் ரியல்டெக், 1106 என்றால் வயா. பழைய டிரைவரை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து எடுத்துப் போடுங்கள். தானாக டிரைவர் தேடித் தருகிறேன் என்று வரும் சாஃப்ட்வேரைத் தொடவே தொடாதீர்கள்.

தனி சவுண்டு கார்டு போட்டவர்கள் போர்டில் உள்ள ஆடியோவை பயாஸில் அணைத்துவிடுவது நல்லது. மறுநாள் அதுவாகவே திரும்பி வந்து இரண்டும் குழப்பிக்கொண்டால் பேய் பிசாசு எதுவும் இல்லை. மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற வட்டப் பேட்டரி தீர்ந்திருக்கும். ராத்திரி கரன்ட் போனதும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்துவிடும். 3 வோல்ட் பேட்டரி, கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும். (சவுண்டு பிளாஸ்டர் 16 என்ற அந்தக் காலத்து சவுண்டு கார்டுக்கு ஐஆர்க்யூ 5 என்ற எண்ணைக் கையால் ஒதுக்கித் தவித்த என்னைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் சொர்க்கம்.)

ஏற்கெனவே ஃபார்மட் அடித்துவிட்டீர்களா? சரி, அழிந்ததன் மேல் எதுவும் எழுதப்படாமல் இருக்க, அந்த டிஸ்கில் ஒரு பாட்டுகூட காப்பி பண்ணாமல் அணைத்துவிட்டுக் கொண்டு வாருங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். வாத்தியாரின் டிஸ்க் இன்னும் என் மேஜையில்தான் ஓடுகிறது. நேற்று ராத்திரி பெயரில்லாத ஒரு ஃபைல் மீண்டது. திறந்தால் நாற்பது நொடி முகவீணை, கூத்தில் ஊதும் அந்தச் சிறு குழல்.