வெள்ளிப் பூச்சு விளக்கைத் தேய்க்கும் முன்

புரட்டாசி நெருங்கிவிட்டால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் எங்கள் பட்டறை மேசையில் இடமே இருக்காது. சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டொங்காட் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் காமாட்சி விளக்கு, குங்குமச் சிமிழ், ஆரத்தித் தட்டு, ஆயா காலத்து டீ செட் எல்லாம் வந்து சேரும். கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "எவ்வளவு தேய்த்தாலும் இந்த மஞ்சள் போகமாட்டேங்குது." அந்த மஞ்சள் அழுக்கு இல்லை அம்மா, அடியில் இருக்கும் பித்தளை. மேலே இருந்த வெள்ளியைத் தேய்த்தே எடுத்துவிட்டோம்.

மின்முலாம் பூசிய நல்ல பாத்திரத்தில்கூட வெள்ளி 20, 30 மைக்ரான்தான் இருக்கும். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். மலிவான பூஜைச் சாமான்களில் சில மைக்ரான் இருந்தாலே அதிகம். பழைய டீ செட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். ஈ.பி.என்.எஸ். என்று எழுத்து இருந்தால் அது வெள்ளி இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகத்தின் மேல் வெள்ளிப் பூச்சு. 1840-இல் பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனத்தார் காப்புரிமை வாங்கிய முறையில் வந்தவை இவை. வெள்ளைக்காரர்கள் ஆண்ட ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன.

வெள்ளி கறுப்பதற்குக் காரணம் காற்றிலுள்ள கந்தக வாயு. முட்டை, வெங்காயம், ரப்பர் பேண்ட், கம்பளித் துணி எல்லாவற்றிலும் கந்தகம் உண்டு. நம் ஊர் ஈரக்காற்று அதை இன்னும் வேகப்படுத்தும். ஆனால் அந்தக் கறுப்பு மிக மெல்லிய படலம். அதனால் பொருள் கெடாது. கெடுப்பது அதைப் போக்க நாம் செய்கிற வேலை.

மேசையில் இப்போது ஒரு காமாட்சி விளக்கு இருக்கிறது. கஜலட்சுமியின் மூக்கு, யானைத் துதிக்கை என்று மேடான இடமெல்லாம் மஞ்சள். பள்ளங்களில் மட்டும் வெள்ளி பத்திரமாக இருக்கிறது, அதன் மேல் காய்ந்த விபூதி அப்பியிருக்கிறது. விபூதி, பற்பசை, சாம்பல் எல்லாமே தேய்க்கும் பொடிகள்தான். கனத்த வெள்ளிக் குத்துவிளக்கு அதைத் தாங்கும், பூச்சு தாங்காது. புளியும் எலுமிச்சையும் பித்தளைக்குச் சரி. பூச்சில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலே போதும், புளிப்பு உள்ளே இறங்கி அடி உலோகத்தை அரிக்கும். பித்தளை பாலிஷ், இரும்பு நார், ப்ளீச், டிஷ்வாஷர் எதுவுமே வேண்டாம்.

அப்புறம் என்னதான் செய்வது? கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு நாலு சொட்டு, மெல்லிய பருத்தித் துணி, செதுக்கலுக்குக் குழந்தைகளின் மென்மையான பிரஷ். எண்ணெய்ப் பிசுக்கும் கற்பூரக் கரியும் ஊறவைத்தாலே கிளம்பிவிடும், அழுத்த வேண்டியதில்லை. கழுவியதும் உடனே துடையுங்கள். கடலோர ஊரில் தானாகக் காயட்டும் என்று விட்டால் புள்ளி விழும். விளக்கைப் பயன்படுத்திய பிறகு இப்படிக் கழுவி வைத்தால் வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளி பாலிஷ் போட்டாலே போதும். அதையும் வட்டமாக இல்லாமல் நேர்க்கோட்டில், லேசாகத் துடையுங்கள்.

அலுமினியத் தாள், சோடா உப்பு, வெந்நீர் முறையைப் பலர் கேட்கிறார்கள். அது வேலை செய்யும். வெள்ளியோடு சேர்ந்த கந்தகத்தை அலுமினியம் இழுத்துக்கொள்ளும், வெள்ளி அங்கேயே தங்கும். அழுகிய முட்டை வாடை வருவது அதனால்தான். பூச்சு முழுதாக இருக்கும் கரண்டிக்கும் தட்டுக்கும் செய்யலாம். மஞ்சள் தெரியும் பொருளுக்கும், அடியில் சாந்து அடைத்த விளக்குக்கும், கல் பதித்ததற்கும் கூடாது. வேலைப்பாட்டின் பள்ளத்தில் வேண்டுமென்றே விட்டிருக்கும் கறுப்பும் இதில் போய்விடும், உருவம் தட்டையாகத் தெரியும்.

கற்பூரத்தை நேராகப் பூச்சுத் தட்டில் ஏற்றாதீர்கள். நடுவில் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணம் வையுங்கள். எடுத்துவைக்கும்போது செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், ரப்பர் பேண்டும் போடாதீர்கள். துவைத்த பழைய பருத்தி வேட்டித் துணியே நல்ல உறை. கூடவே ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று.

மஞ்சள் வெளியே தெரிந்துவிட்டால் மறுபூச்சு ஒன்றுதான் வழி. வீட்டில் முயலாதீர்கள், முலாம் தொட்டியில் சயனைடு இருக்கும். பட்டறையில் கொடுக்கும்போது, பழைய பூச்சை முழுக்க எடுத்துவிட்டுப் போடுவார்களா, எத்தனை மைக்ரான் போடுவார்கள் என்று கேளுங்கள். மேலே லாக்கர், அதாவது நிறமில்லாத வார்னிஷ், அடித்துத் தரவா என்று கேட்டால், கண்ணாடி அலமாரியில் வைக்கும் டீ செட்டுக்குச் சரி என்று சொல்லுங்கள். ஏற்றும் விளக்குக்கு வேண்டவே வேண்டாம். சூட்டில் மஞ்சளித்து உரிந்துவிடும்.