பனி ஏன் பழுப்பானது?

பழைய காகிதப் படங்களைச் சீர்செய்யும் என்னிடம், போன மாதம் ஒருவர் பழைய பெட்ஷீட்டில் சுற்றி ஒரு பிரேமைக் கொண்டுவந்தார். டோக்கியோவில் வேலை பார்த்த காலத்தில், ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைத்தெருவில் வாங்கிய மரச்செதுக்கு அச்சுப்படம். "சார், பனி மட்டும் டீத்தண்ணி கலர்ல ஆயிடுச்சு. லேசா வெள்ளை அடிச்சுத் தர முடியுமா?" என்றார்.

மூன்று தாள் சேர்ந்த படம். நள்ளிரவு. கூரை, முற்றம் எங்கும் பனி. விளிம்பில் கருப்பு வெள்ளை முக்கோணங்கள் வைத்த மேலங்கியோடு சாமுராய்கள் ஒரு மாளிகைக்குள் இறங்குகிறார்கள். 'சூஷிங்குரா' என்ற ஜப்பானிய நாடகத்தின் பதினோராம் அங்கம். ஹொக்குசாய், குனியோஷி, ஹிரோஷிகே என்று பெரிய ஓவியர்கள் எல்லாம் தொட்ட கதை.

நிஜத்தில் நடந்தது இது: 1701இல் ஆகோ சீமைப் பிரபு அசானோ நாகாநோரி, எடோ (இன்றைய டோக்கியோ) கோட்டைக்குள் கிரா யோஷினாகா என்ற அதிகாரியைக் கத்தியால் வெட்டினார். அசானோவுக்கு அன்றைக்கே வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக உத்தரவு. எஜமானை இழந்தவர்களில் 47 பேர் ஓய்ஷி குரானோசுகே தலைமையில் ஒன்றே முக்கால் வருடம் காத்திருந்தார்கள். 1703 ஜனவரியில் கிராவின் தலையை எடுத்துவந்து, செங்காகுஜி கோயிலில் எஜமானின் சமாதி முன் வைத்தார்கள். 1748இல் இது பொம்மலாட்ட நாடகமானபோது, அரசின் கெடுபிடிக்குத் தப்ப, கதையை 14ஆம் நூற்றாண்டுக்குத் தள்ளி ஓய்ஷியை யுரானோசுகே ஆக்கினார்கள். படத்தில் வேறு பெயர் இருக்கிறதே, போலியோ என்று பயப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பனிக்கு வருகிறேன். அதற்கு மையே கிடையாது. செர்ரி மரப் பலகையில் அந்த இடத்தைக் குடைந்து விட்டுவிடுவார்கள். கோசோ செடியின் பட்டை நாரில் செய்த காகிதத்தின் வெறும் நிறம்தான் பனி. காகிதம் பழுத்தால் பனியும் பழுக்கும். அதன் மேல் வெள்ளை அடித்தால் பனி வராது, சுண்ணாம்பு அடித்த சுவர்தான் வரும்.

பிரேமைத் திருப்பி ஆணிகளைப் பிடுங்கினேன். நினைத்தது சரி. படத்தின் முதுகில் நேராக ஹார்ட்போர்டு. அதிலிருந்து கசியும் அமிலம் வருடக்கணக்கில் காகிதத்துக்குள் இறங்கியிருக்கிறது. மூன்று தாளையும் செலோடேப் போட்டு இணைத்திருந்தார்கள். டேப் காய்ந்து உதிர்ந்துவிட்டது, பசை மட்டும் உள்ளே ஊறி மஞ்சள் பட்டையாக நிற்கிறது. இந்தக் கறையைப் போல என்னைப் பாடாய்ப் படுத்துவது வேறு எதுவும் இல்லை.

அவர் கவனிக்காத ஒன்று பிரேமின் மடிப்புக்குள் இருந்தது. வெளிச்சம் படாத அந்த அரை சென்டிமீட்டரில் ஒரு சாமுராயின் உடை நல்ல ஊதா. வெளியே அதே உடை வெளிறிய நீலம். அந்த ஊதா, குசும்பப்பூச் சிவப்பும் நீலமும் சேர்ந்து வந்தது. குசும்பச் சிவப்பு வெளிச்சத்துக்குத் தாங்காது. அது போனதும் நீலம் தனியாக நிற்கிறது. போன நிறத்தைத் திரும்பக் கொண்டுவர என்னிடம் மட்டுமல்ல, யாரிடமும் வழியில்லை. அருங்காட்சியகங்கள் இந்தப் படங்களை 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) என்ற மங்கல் வெளிச்சத்தில் கொஞ்ச காலம் காட்டிவிட்டு உள்ளே வைத்துவிடுவது இதனால்தான். புற ஊதா தடுக்கும் கண்ணாடி போட்டாலும் ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். சாதாரண வெளிச்சமும் அதே வேலையைத்தான் செய்யும், கொஞ்சம் மெதுவாக.

ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. சில சாயங்கள் ஒரு சொட்டுத் தண்ணீரில் பக்கத்துத் தாள்வரை ஓடும். லேமினேஷன் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம்.

அசல்தானா என்றும் கேட்டார். லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது ஆஃப்செட், அதாவது இயந்திர அச்சு. இதில் புள்ளி இல்லை. தாளின் பின்பக்கம் நிறம் ஊறியிருந்தது, பாரென் என்ற வட்டத் தேய்ப்பான் ஓடிய தடமும் இருந்தது. பலகையில் அச்சிட்டதுதான். ஆனால் அந்தக் காலத்துப் பலகையா, பிறகு மறுபடி செதுக்கியதா என்பதை லென்ஸ் சொல்லாது. தணிக்கை முத்திரை, பதிப்பாளர் குறி, கோடுகளின் தேய்மானம் எல்லாம் பார்க்க வேண்டும்.

பசையை எடுக்க மூன்று வாரம் ஆனது. அமிலமில்லாத அட்டையில் வாஷி என்ற ஜப்பானியக் காகிதக் கீலும் கோதுமைக் கஞ்சிப் பசையும் வைத்துப் பொருத்தினேன். பனி பழுப்பாகவே இருக்கிறது. வெளுக்கவைக்க மருந்து உண்டு. இந்தச் சாயங்களை வைத்துக்கொண்டு எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது அவர் வீட்டு ஹாலில் தொங்குவது நல்ல ஒரு நகல். அசல் பெட்டிக்குள், பீரோவில், வெளிச்சுவரை ஒட்டாமல்.