பேட்டர்ன்: மாதிரி அன்று, வெட்டுவடிவம்

திருப்பூர்ப் பின்னலாடைக் கம்பெனிகளில் ‘பேட்டர்ன் மாஸ்டர்’ என்று அழைக்கப்படுபவர், ஓர் ஆடையின் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டை ஆகிய ஒவ்வொரு துண்டையும் எந்த வடிவில், எந்த அளவில் வெட்ட வேண்டும் என்பதைத் தடித்த அட்டையிலோ கணினியிலோ வரைந்து தருபவர். அந்தத் துண்டு வடிவமே பேட்டர்ன்.

தந்தையைக் குறிக்கும் ‘பாத்தெர்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து, காப்பவரைக் குறிக்கும் ‘பத்ரோனுஸ்’ பிறந்தது. அது பழைய பிரெஞ்சில் ‘பத்ரோன்’ ஆகி, புரவலர் என்பதோடு, பார்த்துச் செய்வதற்குரிய முன்மாதிரி என்ற பொருளையும் ஏற்று ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அங்கே 1700 வாக்கில் ஆளுக்குப் ‘பேட்ரன்’, பொருளுக்குப் ‘பேட்டர்ன்’ என இரண்டாகப் பிரிந்துவிட்டது; பிரெஞ்சிலோ முதலாளிக்கும் தையல் வடிவத்தாளுக்கும் இன்றும் ஒரே சொல்தான்.

இந்த வேர்ப்பொருளை ஒட்டிப் பேட்டர்னை ‘மாதிரி’ என்று எழுதுவது தையல் தொழிலைப் பொறுத்தவரை பிழை என்றே கருதுகிறேன். மாதிரி என்பது தைத்து முடித்துக் காட்டும் ஆடை. அதற்கு அங்கே ‘சாம்பிள்’ என்று பெயர். பேட்டர்னின் அளவோ முடிந்த ஆடையின் அளவாக இருக்கவே கூடாது. 70 செ.மீ. நீளமுள்ள பனியன் வேண்டும், துவைத்தால் துணி நீளவாக்கில் 5 சதவீதம் சுருங்கும் என்றால், 70-ஐ 0.95-ஆல் வகுத்து 73.7 செ.மீ. என்று கொண்டு, அதற்குமேல் தையலுக்கும் மடிப்புக்கும் துணி விட்டு வரைய வேண்டும். (5 சதவீதத்தைக் கூட்டி 73.5 என்று வரைபவருக்குச் சுருங்கியபின் 69.8 செ.மீ.தான் தேறும்.) கோவை வார்ப்பாலைகளில் (ஃபவுண்டரிகளில்), உருக்கிய இரும்பை ஊற்றும் மணல் அச்சைப் பதிக்க மரத்தில் பேட்டர்ன் செய்பவரும் இப்படித்தான், வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறத்தாழ 1 சதவீதம் சுருங்கும் என்று கணக்கிட்டுக் கட்டையைச் சற்றுப் பெரிதாகச் செதுக்குகிறார்.

‘அச்சு’ என்றால் துணியில் படம் அச்சிடும் வேலையோடு குழம்பும். ‘படிவம்’ விண்ணப்பத்தாளுக்குப் போய்விட்டது. ‘தோரணி’ திரும்பத் திரும்ப வரும் ஒழுங்குக்கே பொருந்தும். எனவே, துணியை வெட்டுவதற்கான வடிவம் என்று நேராகப் பொருள்தரும் ‘வெட்டுவடிவம்’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். அதை ஆக்குபவர் ‘வெட்டுவடிவாளர்’. ‘வடிவமைப்பாளர்’ என்றால் ஆடையின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் டிசைனரைக் குறித்துவிடும். வார்ப்பாலையில் அதே முறையில் ‘வார்ப்புவடிவம்’ என்று வழங்கலாம்.