கச்சேரி கரையில், பாட்டு கடலில்

ஆடி மாதம் ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடம் பக்கம் திருவிழாக் கச்சேரி என்றால் இரண்டு விதமான பேச்சு கேட்கும். மேடைக்குத் தென்மேற்கே அரை கிலோமீட்டர் தள்ளி வீடு வைத்திருப்பவர், "இந்த வருசம் மைக்செட்டே சரியில்ல" என்பார். வடகடலில் இரண்டு கிலோமீட்டர் உள்ளே வலை விட்டுவிட்டு, எஞ்சினை அணைத்துப் படுத்திருப்பவருக்கோ பாட்டின் வரியே தெரியும். "மாப்ள, நம்ம பழைய செட்டுதான்டா பாடுறாங்க" என்று குரலை வைத்தே குழுவைச் சொல்லிவிடுவார். மேடை ஒன்று, பெட்டி ஒன்று, வால்யூமும் ஒன்று. நாலு மடங்கு தூரத்தில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்பதும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமல் போவதும் எப்படி?

கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று அடிக்கிறது, பாட்டைக் கடல் பக்கம் அள்ளிக்கொண்டு போகிறது என்பதுதான் ஊரில் சொல்லும் பதில். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நிற்காது. 30 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடுகிறது. கச்சான் பலமாக வீசும் நாளில் காற்றின் வேகம் வினாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றோடு போகும் ஒலிக்கு 359, எதிர்த்துப் போகும் ஒலிக்கு 339. காற்றில்லாத வேகத்திலிருந்து வித்தியாசம் இரு பக்கமும் மூன்று சதவீதம்தான். பாட்டு ஒரு நொடிப்பொழுது முன்பின்னாக வந்து சேரும், அவ்வளவுதான். ஒரு தெருவையே ஊமையாக்குவதற்கு இது போதாது.

சூட்சுமம், காற்றின் வேகம் உயரத்துக்கு உயரம் மாறுவதில் இருக்கிறது. தரையை ஒட்டி வீசும் காற்று மணலிலும் உடைமரத்திலும் ஓட்டுக் கூரையிலும் உரசி வேகம் இழக்கிறது. அதே நேரத்தில் பனை உச்சியில் ஓலை கிழியும் வேகத்தில் வீசுகிறது. ஒலி அலையோ மேலும் கீழும் அகன்ற ஒரு முகப்பாகப் போகிற பொருள். காற்றடிக்கும் திசையில் போகும்போது அந்த முகப்பின் மேல்பகுதி வேகமாகவும் அடிப்பகுதி மெதுவாகவும் ஓடும். வள்ளத்தில் ஒரு பக்கத்துத் துடுப்பை மட்டும் ஓங்கி வலித்தால் வள்ளம் மறுபக்கம் திரும்புகிறதல்லவா? அலையும் அப்படியே மெதுவான பக்கம், அதாவது கீழே, வளைகிறது. வானத்துக்குப் போய்த் தொலைந்திருக்க வேண்டிய சத்தமும் சேர்ந்து கடல்மட்டத்துக்கு இறங்கிவிடும்.

எதிர்க்காற்றில் எல்லாம் தலைகீழ். மேல்பகுதி பின்தங்க, அலை மேல்நோக்கி வளைந்து கூரைகளுக்கு மேலே ஏறிப் போய்விடுகிறது. கீழே நிற்பவர் ஒலியின் நிழலில் மாட்டிக்கொள்கிறார். இந்த விளக்கத்தை 1857-லேயே கொடுத்தவர் கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ். அப்போது ஒலிபெருக்கியே கிடையாது. கோயில் மணிக்கும் பீரங்கிக்கும் பொருந்திய கணக்கு இன்று கச்சேரிக்கும் அச்சு மாறாமல் பொருந்துகிறது.

நிழல் எங்கே தொடங்கும் என்பதையும் சொல்லிவிடலாம். எதிர்க்காற்றுப் பக்கம் 10 மீட்டர் உயரம் ஏறுவதற்குள் ஒலியின் வேகம் வினாடிக்கு 1 மீட்டர் குறைகிறது என்று கொள்வோம். அப்போது ஒலிக்கதிர் 3.5 கிலோமீட்டர் ஆரம் உள்ள வட்டத்தின் வில்லைப் போல வளையும். பெட்டி 6 மீட்டர் உயரத்தில், கேட்பவர் காது தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில் என்றால், சுமார் 300 மீட்டரிலேயே நிழல் விழுந்துவிடும். சாரத்தை இரண்டு மடங்கு உயர்த்திப் பெட்டியை 12 மீட்டரில் கட்டினாலும் 390 மீட்டர்தான் கிடைக்கும். செலவைப் பார்த்தால் கட்டுப்படியாகாத வியாபாரம்.

இந்த இடத்தில்தான் கமிட்டிக்காரருக்கும் மைக்செட்காரருக்கும் வருடா வருடம் உரசல் வரும்.

"அண்ணே, மேற்குத் தெருவுல ஒண்ணுமே கேக்கலைங்குறாங்க, கொஞ்சம் ஏத்தி வைங்க."

"ஏத்தி என்ன தம்பி ஆகப்போகுது? முன்னாடி உக்காந்திருக்க பிள்ளைக காதுதான் போகும்."

அண்ணன் சொல்வது சரி. நிழலுக்குள் 20 டெசிபல் இழப்பு சாதாரணம். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு திறன். ஆயிரம் வாட்டில் ஓடும் செட்டை லட்சம் வாட்டாக்கினால்தான் அந்த இழப்பு ஈடாகும். முன்வரிசையின் கதி வேறு. தொழிற்கூடங்களுக்கு அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் அளவு, 85 டெசிபலில் எட்டு மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிடம்தான். கச்சேரி மேடைக்கு முன்னால் 100 டெசிபல் ஒன்றும் அதிசயமில்லை. போதாக்குறைக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன; திருவிழா நாட்களுக்கு மாநில அரசு வருடத்தில் 15 நாள் வரை நள்ளிரவு 12 மணி வரை தளர்த்தலாம்.

காற்றே இல்லாத இரவுகளும் உண்டு. மாசி, பங்குனியில் இலை அசையாத ராத்திரி. அப்போது தேவிபட்டினத்துக் கச்சேரி சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் கேட்கும். அங்கே வேலை செய்வது வெப்பம். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஒலியின் வேகம் வினாடிக்கு 0.6 மீட்டர் கூடும். பகலில் உப்பளமும் மணல்திட்டும் கொதிக்க, தரையோரக் காற்று சூடாகவும் மேலே போகப் போகக் குளிர்ந்தும் இருக்கும். ஒலி எல்லாத் திசையிலும் மேல்நோக்கி வளைந்து போய்விடும். இரவில் மேகமில்லாவிட்டால் நிலம் வேகமாகக் குளிர்ந்துவிடும். அதை ஒட்டிய காற்றும் குளிரும். சற்று மேலே உள்ள காற்று பகல் சூட்டை வைத்திருக்கும். இந்தத் தலைகீழ் அடுக்கில் ஒலி எந்தத் திசையில் போனாலும் கீழே வளையும். 1870-களில் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதைச் சோதித்து எழுதினார். குழாயில் தண்ணீர் ஓடுவதைப் பற்றிப் படித்தவர்களுக்கு ரெனால்ட்ஸ் எண் ஞாபகம் இருக்கும், அதே ஆள்தான்.

ஆடிக் காற்றில் இந்த அடுக்கு நிற்காது, கலைந்துவிடும். அதனால் ஆடியில் கச்சான் பார்த்துக்கொள்கிறது, பங்குனியில் குளிர்ந்த தரை பார்த்துக்கொள்கிறது. கடலுக்கு மேலே கதை இன்னும் கொஞ்சம் சிக்கல். கடல் இரவில் சட்டென்று குளிராது. கரையைத் தாண்டியதும் அடுக்கு கீழிருந்தே மெல்லக் கலையத் தொடங்கும். அங்கே கைகொடுப்பது நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் இரவுக் கரைக்காற்று. அதோடு தண்ணீர் மாதிரி ஒலியைத் திருப்பி அனுப்பும் தளம் வேறு இல்லை. உதிரி மணல் துளைதுளையாக இருப்பதால் ஒலியை உறிஞ்சும். அலையில்லாத வடகடல் அப்படியே திருப்பிவிடும். கீழே வளைந்து வந்த சத்தம் தண்ணீரில் பட்டுத் தெறித்து, மறுபடி வளைந்து இறங்கி, மறுபடி தெறித்து என்று போய்க்கொண்டே இருக்கும்.

இனி மேடைக்கு வருவோம். 90-களில் ராக் இசை கேட்டு வளர்ந்தவர்கள் 2025 மார்ச்சில் மும்பை மகாலட்சுமி பந்தய மைதானத்தில் கிரீன் டே குழுவைப் பார்க்கக் கிளம்பிப் போனார்கள். அந்தக் குழுவினருக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மேடையின் இரு பக்கமும் வாழைத்தார் வளைவில் தொங்கும் பெட்டி வரிசையை அங்கே பார்த்திருப்பீர்கள். அதுவும் 90-களின் சரக்குதான். பிரான்ஸில் கிறிஸ்டியன் ஹைல் என்ற இயற்பியலாளர், எல்-அகூஸ்டிக்ஸ் நிறுவனத்துக்காக அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் வி-டாஸ்க் என்ற வரிசையைக் கொண்டுவந்தார். அதற்கு முன் ராக் கச்சேரி என்றால் மேடையோரம் பெட்டிகளை மலை போல அடுக்குவதுதான் வழக்கம். ஒன்றின் ஒலி இன்னொன்றின் ஒலியோடு மோதி, ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் அழியும்.

பெட்டிகளை இடைவெளியில்லாமல் ஒரே செங்குத்து வரிசையில் கோத்துவிட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே மூலமாகப் பேசும். ஒலி மேலும் கீழும் சிதறாமல் பக்கவாட்டில் மட்டும் விரியும். புள்ளி மூலத்தின் சத்தம் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் விழும். இந்த வரிசையில், குறிப்பிட்ட தூரம் வரை, 3 டெசிபல்தான் விழும். 10 மீட்டரில் இருப்பவருக்கும் 80 மீட்டரில் இருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் 18-லிருந்து 9 ஆகச் சுருங்குகிறது. இப்போது மதுரையிலிருந்து லாரியில் வந்து நம்மூர்த் திருவிழாவில் இறங்குவதும் இந்தக் குடும்பத்துப் பெட்டிதான்.

கடற்கரையில் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. வரிசையிலிருந்து வரும் ஒலிக்கற்றை மெல்லியது என்பதால் காற்று குறுக்கே தள்ளும்போது நன்றாகத் தெரியும். பலத்த காற்றில் 50, 60 மீட்டர் தள்ளி நின்று சிம்பலை மட்டும் கவனியுங்கள். 'ஸ்ஸ்' என்ற அந்த ஓசை ஒரு கணம் காதுக்குள் குத்தும், அடுத்த கணம் காணாமல் போகும், மறுபடி வரும். அந்நேரமெல்லாம் பேஸ் டிரம் ஆடாமல் அசையாமல் அதே இடத்தில் இருக்கும். 5000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 சென்டிமீட்டர். 50 ஹெர்ட்ஸுக்கு 7 மீட்டர். சுழித்துவரும் காற்று சின்ன அலையைக் கலைத்துவிடும். பெரியதை ஒன்றும் செய்ய முடியாது. பெரியது பனைமரத்தைச் சுற்றியும் வீட்டைச் சுற்றியும் வளைந்து போய், மேற்குத் தெரு நிழலுக்குள்ளேயும் கொஞ்சம் கசியும்.

தூரம் கூடக்கூடக் காற்றே ஒலியைத் தின்னவும் செய்கிறது. 30 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம், அதாவது நம் கடற்கரை இரவு. ஒரு கிலோமீட்டர் போவதற்குள் 125 ஹெர்ட்ஸ் ஒலி காற்றிடம் இழப்பது 0.3 டெசிபல். 1000 ஹெர்ட்ஸ் 7 டெசிபல். 4000 ஹெர்ட்ஸ் 23. 8000 ஹெர்ட்ஸ் 59. ஈரம் குறைந்த குளிர்ப் பிரதேசத்தில் இது இன்னும் மோசம். 15 டிகிரி, 20 சதவீத ஈரத்தில் 8000 ஹெர்ட்ஸ் ஒலி கிலோமீட்டருக்கு 200 டெசிபலை இழக்கும். அந்த வகையில் நம் புழுக்கம் பாட்டுக்கு நல்லது செய்கிறது, சட்டை நனைந்தாலும்.

90-களின் ராக் கிதாரை இந்தக் கணக்கில் போட்டால் வேடிக்கையாக இருக்கும். சியாட்டில் குழுக்கள் முதல் எல்லாரும் டிஸ்டார்ஷனில் ஊறியவர்கள். கம்பியின் அலையை ஆம்ப்ளிஃபயர் தலை வெட்டித் தட்டையாக்கும்போது, மூல ஒலியில் இல்லாத மேல்சுரங்கள் ஏராளமாகப் பிறக்கின்றன. அந்தக் கரகரப்பு முழுக்க அவற்றில்தான் இருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் கடலுக்குள் போனால் முதலில் சாவதும் அவைதான். மேடை முன்னால் தகரத்தைக் கிழிக்கும் கிதார் வள்ளத்துக்கு வெறும் முனகலாக வந்து சேரும். இன்னொரு பக்கம், அந்தத் தலைமுறை கீழ்ச்சுதியை விரும்பியது. கிதாரின் தடித்த கம்பி வழக்கமாக 82 ஹெர்ட்ஸ். அதை 73-க்கு இறக்கி வாசித்தார்கள். கார்ன் குழு ஏழாவது கம்பி போட்டு 55 வரை இறங்கியது. இப்போது வயதான பாடகர்கள் பலர் பழைய பாட்டை அரைச் சுரம் இறக்கித்தான் பாடுகிறார்கள். நம் மெல்லிசை மேடையிலும் 90-களின் பாடகர் கீபோர்டு பக்கம் குனிந்து "அரைக் கட்டை கம்மி பண்ணிக்கலாம் தம்பி" என்று சொல்வது உண்டு. அரைக் கட்டையால் தூரத்தில் ஒன்றும் மாறிவிடாது, தொண்டைக்குத்தான் நிம்மதி.

மேற்குத் தெருவுக்கு வழி என்ன? சத்தத்தை அங்கேயே கொண்டுபோய் வைக்க வேண்டியதுதான். முன்பு சாலை நெடுகக் கம்பத்துக்கு ஒரு குழாய் ரேடியோ கட்டியதும் அதற்காகத்தான். ஆனால் அதில் ஒரு கோளாறு. கம்பியில் மின்சாரம் கண்ணிமைக்கும் முன் ஓடிவிடும். எல்லாக் குழாயும் ஒரே கணத்தில் பேசும். ஒரு குழாயின் அடியில் நின்றால் அதன் சத்தம் உடனே வரும், 150 மீட்டர் தள்ளி உள்ளது 0.43 வினாடி கழித்து வரும், அதற்கடுத்தது இன்னும் தாமதமாக வரும். சொல்லின் மேல் சொல் ஏறி, அறிவிப்பாளர் யார் பெயரைச் சொன்னார் என்றே புரியாது.

இதற்கு மருந்து, தூரத்துப் பெட்டியை வேண்டுமென்றே தாமதமாகப் பேசவைப்பது. மேடையிலிருந்து 60 மீட்டரில் உள்ள பெட்டிக்கு 172 மில்லிவினாடி. அதோடு ஒரு பத்துப் பதினைந்து சேர்ப்பார்கள். காரணம், 1949-இல் ஹெல்முட் ஹாஸ் கண்டது: ஒரே ஒலி சுமார் 30 மில்லிவினாடிக்குள் இரண்டு முறை வந்தால் காது அதை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், முதலில் வந்த திசையிலிருந்தே வருவதாக நம்பும். பின்னால் வந்தது பல டெசிபல் பலமாக இருந்தாலும் நம்பும். பக்கத்துப் பெட்டி கத்த, பாட்டு மேடையிலிருந்து வருவதாகத் தோன்றுவது இப்படித்தான்.

பெரிய ராக் மைதானங்களில் 300 மீட்டர் தள்ளிக்கூட ஒலிபெருக்கிக் கோபுரம் நிறுத்துவார்கள். மாலையில் 30 டிகிரியில் 860 மில்லிவினாடி தாமதம் வைத்திருந்தால், நள்ளிரவில் 25 டிகிரி ஆகும்போது அது 867 ஆகிவிடும். ஒலிப் பொறியாளர் வெப்பமானியைப் பார்த்து இடையில் திருத்த வேண்டிவரும். நம் 60 மீட்டர் பெட்டிக்கு இது ஒன்றரை மில்லிவினாடிதான், மாலையில் வைத்ததையே கச்சேரி முடியும்வரை விட்டுவிடலாம்.