முட்டு (ஆஸ்துமா) மருந்து குடிக்கும் பிள்ளை தேசிய மட்டத்தில் ஓடலாமா?

ஓடலாம், ஆனால் என்ன மருந்து, எப்படி எடுக்கிறது என்பதைப் பொறுத்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வலயமட்டம், மாகாணமட்டம் தாண்டுகிற பிள்ளைகளின் பெற்றோருக்குத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் ஊக்கமருந்துச் சோதனை என்றால் ஏதோ ஒலிம்பிக் விசயம் என்றுதான் இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊக்கமருந்துக்கு எதிரான 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் நம் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். அதைக் கவனிப்பது ஸ்லாடா என்ற அரச நிறுவனம், விதிகள் உலக அமைப்பான வாடாவினுடையவை.

விதியில் முக்கியமான இடம் இதுதான்: உடம்பில் இருந்தால் பொறுப்பு வீரருடையது. கோச் தந்தார், பாமசியில் தந்தார்கள், தெரியாமல் குடித்துவிட்டேன் என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்க உதவலாம், அந்தப் போட்டியின் முடிவைக் காப்பாற்றாது.

அப்படியானால் முட்டு? மூச்சுக்குழாயை விரிக்கும் சல்புடமோலை பம்பில் இழுக்கலாம், 24 மணித்தியாலத்துக்கு 1600 மைக்ரோகிராமுக்குள், அதிலும் 8 மணித்தியாலத்துக்குள் 600ஐத் தாண்டக் கூடாது. அதே சல்புடமோலைக் குளிசையாகவோ சிரப்பாகவோ குடித்தால் எந்த நாளிலும் தடை. நம் வீடுகளில் அலுமாரிக்குள் கிடப்பது பெரும்பாலும் அந்தச் சிரப்தான்! முட்டுக் கூடினால் தரும் பிரெட்னிசொலோன் குளிசை போட்டிக் காலத்தில் கூடாது. நோவுக்குப் போடும் டிரமடோலும் 2024 இலிருந்து அப்படியே. பனடோல் பிரச்சினையில்லை. ஜிம்மில் விற்கும் பவுடர் டப்பாவை மட்டும் நான் நம்பவே மாட்டேன், லேபலில் இல்லாததும் உள்ளே இருக்கும்.

டொக்டர் அந்த மருந்துதான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு என்று ஒரு அனுமதி இருக்கிறது, மருத்துவ அறிக்கைகளோடு போட்டிக்கு 30 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும். கிளினிக் கொப்பியைத் தொலைக்காமல் வைத்திருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

தண்டனை பற்றி: தசை வளர்க்கும் ஸ்டீரொய்ட் வகை என்றால் முதல் தடவைக்கே பொதுவாக 4 வருடத் தடை, மேலே சொன்ன மருந்துகள் போன்றவற்றுக்குப் பொதுவாக 2. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெரிய தவறில்லை என்று காட்டினால் வெறும் கண்டிப்போடும் முடியலாம். சோதனைக்கு வரமாட்டேன் என்று ஓடினால் அதுவும் 4 வருடம், அது வீண் வேலை.

மாட்டாமல் தப்பினால் சரி என்று நினைப்பவர்களுக்கு ஒரு கதை. ரஷ்யாவின் அலெக்சாண்டர் பொகொரெலொவ் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் டெகத்லனில் நாலாவதாக வந்தார், நூறு மீற்றரில் தொடங்கி கோலூன்றிப் பாய்தல், ஈட்டி எல்லாம் கடந்து 1500 மீற்றர் வரை இரண்டு நாளில் பத்து நிகழ்ச்சி, சும்மா இல்லை. பாதுகாத்து வைத்த மாதிரியை 2016 இல் மறுபடி சோதித்தபோது டூரினபோல் என்ற ஸ்டீரொய்ட் வந்தது. எட்டு வருடம் கழித்து நாலாமிடம் போனது. இப்போது பத்து வருடம் வரை தோண்டலாம்.

சோதனைக்குக் கூப்பிட்டால் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையோடு ஒரு பெரியவர் போகலாம். சிறுநீரை ஏ, பி என இரண்டு போத்தலில் பிரிப்பார்கள், ஏ யில் பிழை வந்தால் பி யையும் திறந்து பார்க்கச் சொல்லும் உரிமை உண்டு. படிவத்தில் கடந்த ஏழு நாளில் எடுத்த மருந்தைக் கேட்கும் இடத்தில், அம்மா கொடுத்த இருமல் சிரப் வரைக்கும் எழுதிவிடுங்கள்.